வில்ஹோவுக்கு மிஞ்சிய வருடங்கள்

சோர்முனென் வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்டமாட்டார்கள் என்பது எங்கள் ஏரிக்கரை முழுவதும் தெரிந்த சங்கதி. தாத்தா ஐம்பதில் போனார், வைக்கோல் வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே. அப்பா நாற்பத்தொன்பதில், மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில். மூத்தவன் ஏமில் நாற்பத்தாறிலேயே விறகு பிளந்துகொண்டிருக்கும்போது கோடரியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். நான்கு பிள்ளைகளும் யுத்தத்துக்குப் போய், நான்கு பேரும் முழுசாகத் திரும்பி வந்த வீடு அது. குண்டுக்குத் தப்பியவர்கள் சாப்பாட்டு மேசைக்குத் தப்பவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் சாப்பாட்டைச் சந்தேகப்படவில்லை. அந்த வீட்டு ரத்தம் அப்படி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம்.

கடைக்குட்டி வில்ஹோ. ஆறடி உயரம், காட்டில் மரம் வெட்டும் வேலை, அதிகம் பேசமாட்டான். புகையிலையை யுத்தத்தோடு விட்டுவிட்டான். ஏமிலைப் புதைத்த மறு வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், கோடை நடுநாள் இரவு ஏரிக்கரை ஆட்டமேடையில் அவன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். எங்கள் ஆட்டங்களில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் மேடையோரம் நிற்கவேண்டும். எந்தப் பெண்ணுக்கு யார் வேண்டுமோ அவனைப் போய் அழைப்பாள். சைமி என்ற பெண் மூன்று ஆட்டத்துக்கும் வில்ஹோவையே அழைத்தாள். ஒரு தடவை அழைத்தால் மரியாதை, இரண்டு தடவை என்றால் விருப்பம். மூன்றாவது தடவைக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

ஆட்டம் முடிந்து படகுத்துறைப் பக்கம் நடந்தார்கள். எங்கள் வடகோடிக் கோடையில் இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"மூணு தடவையும் உன்னையேதான் கூப்பிட்டேன். ஊரே பாத்துச்சு," என்றாள் சைமி. "நீ ஒண்ணும் சொல்லலியே."

"ஏமில போன வருஷம் பொதைச்சோம்."

"தெரியும். நானும்தான் வந்திருந்தேன்."

"அவனுக்கு நாப்பத்தாறு. எனக்கு இப்ப முப்பத்தொண்ணு. நீயே எண்ணிப் பாத்துக்க."

"எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"உன்னை விதவையாக்க எனக்கு மனசு வரல சைமி."

அவள் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பிப் போனாள். அடுத்த இலையுதிர்காலத்தில் பால்பண்ணைக்காரன் எஸ்கோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் ஆண்கள் இப்படித்தான். ஒரே ஒரு பேச்சில் ஒரு வாழ்க்கையை முடித்துவிட்டு, பெரிய தியாகம் செய்துவிட்டதாக வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணத்தன்று வில்ஹோ நாள் முழுக்கக் காட்டில் மரம் வெட்டினான். சாயங்காலம் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டான்.

அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். உப்பிட்ட பன்றிக் கொழுப்பை வாணலியில் உருக்கி, அதிலேயே மாவைக் கரைத்துக் குழம்பாக்கி, உருளைக்கிழங்கின்மேல் ஊற்றுவாள் அம்மா. ரை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த ரொட்டியின்மேல் வெண்ணெய், ரொட்டி மறையும்வரை. குடிப்பதற்குத் தண்ணீர் கிடையாது. பாலேடு மிதக்கும் பால், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர். காட்டில் வெட்டுகிறவனுக்கு அது வேண்டித்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பஞ்ச காலத்தில் மரப்பட்டையை அரைத்து ரொட்டி சுட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். பிள்ளைகளின் தட்டில் வெண்ணெய் கனமாக இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி. அவள்தான் கொன்றாள் என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தன்னிடம் இருந்ததில் நல்லது எதுவோ அதைக் கொடுத்தாள்.

அறுபதாம் வருடம் இரண்டாவது அண்ணன் ஓஸ்கர் போனான், நாற்பத்தொன்பது வயதில். அறுபத்துமூன்றாம் வருடம் மூன்றாமவன் யால்மரி, நாற்பத்தெட்டில். அந்த வருடம் அம்மா குடும்பக் கல்லறைக்கு ஒரே கல்லாக வெட்டச் சொன்னாள். கல்தச்சன் தூரத்திலிருந்து வரவேண்டும். திரும்பத் திரும்ப வரவழைப்பது வீண் அலைச்சல். அதனால் வில்ஹோவின் பெயரையும் சேர்த்தே வெட்டிவிட்டார்கள். பிறந்த வருடம், ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் பத்தொன்பது என்ற இரண்டு இலக்கம். மிச்சம் இரண்டு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வில்ஹோ அதைப் போய்ப் பார்த்துவிட்டு, எழுத்து நேராக இருக்கிறது என்று சொன்னான்.

இரண்டு வருடத்தில் அம்மாவும் போனாள், எழுபத்தொன்பது வயதில். எட்டுப் பேர் உட்காரும் மேசையில் அவன் ஒருவன். பிறகு அவன் செய்ததெல்லாம் ஐம்பதை வைத்துச் செய்ததுதான். கூரை ஒழுகியபோது தகரம் போடவில்லை; தார்க் காகிதம் பத்து வருடம் தாங்கும், அது போதும் என்றான். யாரோ கொடுத்த ஆப்பிள் கன்றை வாங்க மறுத்துவிட்டான், காய்க்க ஏழெட்டு வருடமாகுமே என்று. பசுக்களை விற்றான். பசு போனபின் வெண்ணெய்க்கு வழியில்லை. பால் ஆலைக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு அங்கிருந்தே வெண்ணெய் திரும்பி வரும். எஸ்கோ வீட்டில் அது எப்போதும் மிஞ்சும். வெள்ளிக்கிழமைதோறும் வில்ஹோ பனிச்சறுக்குக் கட்டையிலோ சைக்கிளிலோ நான்கு கிலோமீட்டர் போய் எஸ்கோ வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வெண்ணெய் வாங்கிவருவான். சைமி எடுத்துக் கொடுப்பாள். ஒரு காபி குடிப்பான். வாரத்தில் அவன் இன்னொரு மனிதரோடு மேசையில் உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

எழுபத்திரண்டில் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் ஆண்கள் கும்பல் கும்பலாக மாரடைப்பில் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று தலைநகருக்கு மனுப் போட்டதன் பலன். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு வரிசையாக ரத்தம் எடுத்தார்கள். ரித்வா என்ற நர்ஸ், சின்னப் பெண், இரண்டு வாரம் கழித்து வில்ஹோவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க ரத்தத்துல கொழுப்பு முந்நூத்தி அறுபது இருக்கு, சோர்முனென்."

"அது நல்லதா?"

"இந்தக் கிராமத்துலயே நீங்கதான் முதல்."

"பள்ளிக்கூடத்துல படிச்சப்பகூட நான் முதல் வந்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு வெண்ணெய் சாப்பிடுவீங்க?"

"ரொட்டி கண்ணுல படாத அளவுக்கு."

"காய்கறி?"

"அது மாட்டுத் தீனியாச்சே."

"இது உங்க குடும்ப ரத்தம் மட்டும் இல்லைங்க. குடும்பத்துக்கே ஒரே சட்டி. முப்பது நாப்பது வருஷமா தினமும் கொஞ்சம் கொஞ்சமா ரத்தக்குழாயில படிஞ்சது. இனிமே படியாமப் பாத்துக்கலாம்."

"எனக்கு நாப்பத்தெட்டு ஆவுது பொண்ணே. ரெண்டு வருஷத்துல என்னத்தப் பாத்துக்கறது?"

அவன் வீட்டுக்குப் போய்க் கொழுப்புக் குழம்பு வைத்தான். ரித்வா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் சைமிக்கு ஏறிவிட்டது. மாதர் சங்கத்துப் பெண்கள் நீண்ட ஆயுள் விருந்து என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூடி, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் பாதி இறைச்சிக்குப் பதில் கிழங்கும் காரட்டும் போட்டுச் சமைத்து, புருஷன்மார்களை உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். சைமிதான் அதில் முன்னால் நின்றாள். அந்த வெள்ளிக்கிழமை வில்ஹோ வந்து நின்றபோது அவள் வெண்ணெய்ப் பொட்டலத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இனிமே இந்த வீட்டுலேருந்து உனக்கு வெண்ணெய் கெடையாது."

மேசையில் இருந்த எஸ்கோ வாய்விட்டுச் சிரித்தான். "பாவம், ரொட்டிய எதுல தொட்டுத் தின்பான்? ஏரித் தண்ணியிலயா?"

"நீ சும்மாரு. உனக்கும் அதேதான் சொல்லிருக்கேன்."

"நான் பால் ஊத்திப் பொழைக்கிறவன். நானே பாலுக்குப் பயந்தா மாடு என்னைப் பாத்துச் சிரிக்கும்," என்றான் எஸ்கோ. ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் தடவினான், அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே.

வில்ஹோவுக்கு வெண்ணெய் போனது பெரிதாகப் படவில்லை. இந்த வீட்டுக்கு வர இனி என்ன சாக்கு என்பதுதான் அவனை உலுக்கியது. "அப்ப வெள்ளிக்கிழமை?" என்று கேட்டான்.

சைமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மீன் கொண்டா. வெண்ணெய் இல்லாம வேகவச்சுத் தரேன். நான் என்ன சொல்றனோ அதத்தான் மத்த நாளும் திங்கணும்."

அவன் செத்துப்போகாமல் இருப்பதற்காகச் சாப்பாட்டை மாற்றவில்லை. வெள்ளிக்கிழமைக்காக மாற்றினான். முதல் மாதம் கொடுமையாக இருந்தது. ஏடெடுத்த பால் நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தாலே அவனுக்கு அழுகை வந்தது. காரட்டை மென்றபோது கொட்டகையில் நிற்பதுபோலிருந்தது. உப்பைக் குறைத்த கஞ்சியில் ருசியே இல்லை. ஆறு மாதம் போனபின் ஒரு நாள் கிழங்குக்குத் தன் ருசி என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

எழுபத்துநான்கு பிப்ரவரியில் அவனுக்கு ஐம்பது நிறைந்தது. எங்கள் பக்கம் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அழைப்பு கிடையாது; ஊரே தானாக வரும், வீட்டுக்காரன் காபி வைத்துக் காத்திருக்கவேண்டும். வில்ஹோ எதையும் செய்யவில்லை. காலையில் நீராவிக் குளியல் எடுத்து, கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு, படுக்கையின் ஓரத்தில் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்தான். எதற்காக என்று நான் சொல்லவேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பனியில் நாற்பது பேர் நின்றார்கள்.

"நீ இன்னும் போகலியா?" என்று எஸ்கோ முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தான். அன்று எல்லோரையும்விட அதிகமாகக் கேக் தின்றதும் அவன்தான். காபியைச் சைமி வைத்தாள், அந்த வீட்டு அடுப்பில். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு எடுத்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வில்ஹோவுக்கு நெஞ்சு வலித்தது. இதுதான் அது என்று நினைத்தான். அது இல்லை.

இரண்டு வருடம் கழித்து, புல் அறுப்பு நாளில், எஸ்கோ பால் கேனைத் தூக்கியபடியே கொட்டகை வாசலில் விழுந்தான். ஐம்பது வயது. ஊருக்கெல்லாம் சமைக்கச் சொல்லிக்கொடுத்தவளின் புருஷன். சவப்பெட்டியை வில்ஹோவும் தூக்கினான். கனமாக இருந்தது. தூக்கிக்கொண்டு நடக்கும்போதே அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது, உடனே வெட்கமும் வந்தது. இரண்டையும் சேர்த்தே கல்லறைவரை சுமந்தான்.

கேட்டிருக்கலாம். ஒரு வருடத் துக்கம் முடிந்தபின் கேட்டிருந்தால் ஊர் தப்பாகச் சொல்லியிருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் மீனோடு போனான். அவள் வேகவைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள், பனி எவ்வளவு, ஏரி எப்போது உறையும் என்று பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும் என்று புறப்படுவான். மேசையில் உட்கார்ந்ததும், ஐம்பதில் வரவேண்டிய சாவு வழியில் தாமதமாகியிருக்கிறது, இந்த வருடம் வந்துவிடும் என்று தோன்றிவிடும். ஒருமுறை விதவையானவளை மறுபடி விதவையாக்குவதா? இப்படியே எட்டு வருடம் போயிற்று. தார்க் காகிதம் கிழிந்து, மறுபடி தார்க் காகிதமே போட்டான்.

எண்பத்துநான்கில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை ஒரு டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இருநூத்திப் பத்து. ரத்த அழுத்தமும் நல்லாருக்கு. இந்தப் பன்னெண்டு வருஷத்துல நீங்க பண்ண காரியத்த நான் புள்ளிவெவரத்துலதான் பாத்திருக்கேன், ஆளா பாத்ததில்ல."

"எனக்கு இன்னும் எத்தன வருஷம்?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எண்பதப் பாக்க மாட்டேன்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்."

அன்று அவன் வீட்டுக்குப் போய் அதே கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டான். இடுப்பில் இரண்டு விரல் தொளதொளத்தது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை, கையில் மீனும் இல்லை. சைமி கதவைத் திறந்து சூட்டைப் பார்த்ததும் யார் செத்தது என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. டாக்டர் எனக்கு எண்பதுன்னு சொல்றாரு." நின்றபடியே சொன்னான். "அதான் கேக்கலாம்னு வந்தேன். மிச்சத்த இங்க இருந்துக்கட்டுமா? இல்ல நீ அங்க வரியா?"

அவள் உட்கார்ந்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"கல்லுல பேரு வெட்டி வச்சுக்கிட்டுப் பொண்ணு கேக்க வந்திருக்க," என்றாள். சிரிப்பதுபோல ஆரம்பித்து நடுவிலேயே நின்றுவிட்டது. "டாக்டர் சொன்னதும் வந்துட்ட. நான் சொன்னப்ப வரலியே வில்ஹோ."

"உன்னை விதவையாக்க…"

"ஆயிட்டேன்ல? உன்னைக் கட்டாமயே ஆயிட்டேன். நீ என்னை எதுலேருந்து காப்பாத்துன? படகுத்துறையில நான் எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்னு சொன்னேன். பதினஞ்சு வருஷம்னு எண்ணுனேன். பதினஞ்சு போதும்னு வந்தேன்."

அவன் நழுவிய கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இனிமே என்னால ஆகாது," என்றாள் அவள், குரலைத் தணித்து. "நாலு வருஷம் எஸ்கோ வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எத்தன துண்டு, எவ்வளவு கனம்னு. அவன் தூங்குறப்ப மூச்ச எண்ணிட்டுக் கெடப்பேன். அவன் போனப்ப அழுதேன். அழுது முடிச்சப்புறம் தூங்குனேன், வருஷக்கணக்குல தூங்காத தூக்கம். இன்னொரு ஆம்பளையோட மூச்ச எண்ண எனக்குத் தெம்பு இல்ல. மீன் கொண்டாந்தா வேகவச்சுத் தரேன், அது வேற."

அவன் தலையாட்டினான். காபி குடிக்காமல் கிளம்பினான். வழியில் கடை இருந்தது. உள்ளே போய் அரைக் கிலோ வெண்ணெய் வாங்கினான். வெறும் சலிப்பில் வாங்கவில்லை. தாத்தாவும் அப்பாவும் அண்ணன்களும் போன இடத்துக்கு அவனும் போய்விடலாம் என்று தீர்மானித்தே வாங்கினான்.

வீட்டில் சூட்டைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தான். அம்மா தடவுவதுபோல, ரொட்டி மறையும்வரை தடவினான். ஒரு வாய் கடித்தான். வாய்க்குள் அது மெழுகாகத் திரண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கினான். இரண்டாவது வாயை விழுங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நாக்கு வேறு ஆளுடையதாகிவிட்டிருந்தது. எஞ்சிய வெண்ணெயைப் பலகையில் அப்பி, பறவைகளுக்காக வெளியே மரத்தில் கட்டிவிட்டு வந்தான். பிறகு ஒரு கிழங்கை வேகவைத்து, உப்பில்லாமல் தின்றான், அவனுக்கு நிஜமாகவே பசித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வலையை இழுக்கவில்லை, சைமி வீட்டுக்கும் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இழுக்கவில்லை. அதன்பிறகு முப்பத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தான். எட்டுப் பேர் உட்காரும் மேசையில், ஒவ்வொரு வேளையும், சைமி சொல்லிக்கொடுத்தபடியே தனியாகச் சாப்பிட்டான்.